ஏரியில் கொட்டிய தக்காளி

எங்கள் ஊர் ஏரியில் மீன் செத்ததற்குக் காரணம் பொம்பளைகள் தண்ணீரில் இறங்கியதுதான் என்று ஊரில் பாதிப் பேர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்கிறார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம்கூட ஊர்ப் பெருமைகளோடு சேர்த்துச் சொல்கிறார்கள். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு மட்டும் வயிறு எரியும். அந்த மீன் எங்களுடையது. அது எதனால் செத்தது என்று எனக்குத் தெரியும். சொல்கிறவர்களுக்கும் தெரியும்.

பாலக்கோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத்தில் எங்கள் ஊர். ஊரில் ஏறக்குறைய எல்லோரும் தக்காளி போடுகிறவர்கள். ஏரி பெரும்பாலும் வேலிக்காத்தான் முளைத்துக் காய்ந்துதான் கிடக்கும். நல்ல மழை பெய்து நிரம்பும் வருடங்களில் மீன் வளர்க்கக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகை எப்போதும் ஒருவருக்குத்தான் போகும். ஏரிக்கரைக்குக் கீழே கிணறும் பெரிய மோட்டாரும் வைத்திருப்பவர். பெயர் வேண்டாம், மோட்டார்க்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். வேறு யாராவது கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐப்பசியில் ஏரி நிரம்பியபோது எங்கள் மகளிர் குழு கேட்டது. பன்னிரண்டு பெண்கள். ஊர்ப் பெரியவர் நெடுநேரம் மீசையைத் தடவிவிட்டு ஒரு தடவை கொடுத்துப் பார்ப்போம் என்றார். சரியாகச் செய்யவில்லை என்றால் ஏரி பழையபடி மோட்டார்க்காரருக்கே போய்விடும் என்பதையும் அப்போதே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

நான் விலங்கியல் படித்தவள். மூன்று வருடம் தருமபுரிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வாங்கிய பட்டம், கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டு ஜெராக்ஸுகளுக்கு நடுவே பீரோவில் கிடந்தது. வீட்டில் ஆடு செருமினால் மட்டும் என்னைக் கூப்பிட்டு என்னவென்று பார்க்கச் சொல்வார்கள். ஏரி கைக்கு வந்த அன்றுதான் அந்தப் படிப்பு எழுந்து உட்கார்ந்தது. கட்டுப்படுத்தும் காரணி என்று ஒரு பாடம் உண்டு. ஓர் இடத்தில் ஓர் உயிர் எத்தனை பெருகலாம் என்பதை அங்கே நிறைய இருக்கும் பொருள் தீர்மானிப்பதில்லை. எது குறைவாக இருக்கிறதோ அதுதான் தீர்மானிக்கும். கல்யாணத்தில் ஆயிரம் பேருக்கு அரிசி இருக்கலாம், இலை இருநூறுதான் இருக்கிறது என்றால் பந்தி இருநூறோடு முடிந்தது. பரீட்சையில் இதை இரண்டு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அதன் பிறகு அதைச் சொல்ல எனக்கு ஓர் ஆள்கூடக் கிடைத்ததில்லை.

இப்போது பதினொரு பேர் கிடைத்தார்கள். எத்தனை குஞ்சு விடுவது என்று முதல் நாளே சண்டை வந்தது. எதிர்வீட்டு அக்காதான் பெரிதாகக் குரல் கொடுத்தாள். நாற்பதைத் தாண்டியவள், எந்த வேலைக்கும் முதல் ஆளாக நிற்பவள், பேச்சிலும் அப்படித்தான்.

"இம்மாம் பெரிய ஏரிங்குது. ரெண்டு மடங்கா வுட்டா என்னா புள்ள? கொறச்சுக் கொறச்சுச் சொல்ற."

தீனி போதும், இடமும் போதும், ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அத்தனை மீனுக்குப் போதாது, அதுவும் வெயில் காலத்தில் தண்ணீர் வற்றும்போது போதவே போதாது என்று பந்திக் கதையைச் சொன்னேன்.  அக்கா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"அவ சொல்றதக் கேளுங்கடி. எல பத்தாதாம்."

அதற்குப் பிறகு குழுவில் என் பெயர் எலக்காரி என்று ஆனது.

கார்த்திகையில் வேனில் குஞ்சுகள் வந்தன. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும். தடித்த பாலிதீன் பைகளில் கால்வாசி தண்ணீர், மேலே உப்பி நிற்கும் ஆக்சிஜன். பையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் ஏரியில் மிதக்க விட்டு, உள்தண்ணீரும் வெளித்தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும் என்று டிரைவர் சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு யாராவது இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கரைமேல் ஆண்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். மோட்டார்க்காரரும் நின்றிருந்தார்.

அடுத்த நாலு மாதமும் ஏரி எங்களுக்கு இன்னொரு வீடு மாதிரிதான். முறை போட்டுக் காவல் இருந்தோம். ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையில் போட்டோம். தண்ணீரில் பாசி வளர அளவாகச் சாணி கரைத்தோம். வாரம் ஒரு முறை நான் முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு உள்ளங்கை தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சாணி, தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு ஏரிக்கு நாடி பார்க்கிறாயா என்று சிரித்தார். ஆமாம் என்றேன்.

பங்குனி பிறந்தபோது தண்ணீர் பாதியாக இறங்கியிருந்தது. மீன் ஒரு ஜாணுக்கு மேல் வளர்ந்து நின்றது. மாரியம்மன் பண்டிகை முடிந்து கறிவிருந்து நடக்கும் நாளில் பிடிப்பதாக முடிவு செய்தோம். இன்னும் எட்டே நாள்.

அந்த வாரம்தான் தக்காளி விலை விழுந்தது. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. மண்டிக்கு ஏற்றிப் போன கிரேட்டை இறக்கக்கூட ஆள் வரமாட்டான். திருப்பிக் கொண்டுவந்தால் மாடு எத்தனைதான் தின்னும்? வழியில் ரோட்டோரம் கொட்டுவார்கள். அந்த வருடம் ரோட்டோரத்தில் கொட்டாமல் ஏரியில் கொட்டினார்கள். வீணாகப் போவதை மீனாவது தின்னட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

முதல் லோடு எங்கள் வீட்டு டிராக்டரில் வந்தது.

இதை நான் மறைக்கப் போவதில்லை. துணி துவைத்துவிட்டு நான் கரையில் நின்றிருந்தேன். என் வீட்டுக்காரர் டிராக்டரைப் பின்பக்கமாக ஓட்டிவந்து கரையிலிருந்து சரித்துவிட்டார். சிவப்பாக ஒரு சரிவு தண்ணீருக்குள் போனது.

"உன் மீனுக்குத் தீனி" என்றார்.

இரண்டு மூன்று மீன்கள் வந்து முட்டிப் பார்த்தன. நான் சிரித்தேன். ஒரு லோடுதானே என்று நினைத்தேன். மண்டியிலிருந்து முகம் கறுத்துத் திரும்பிய மனுஷனிடம் இதையும் சொல்ல வேண்டாம் என்றும் நினைத்தேன். உள்ளங்கை தெரிகிறதா என்று நாலு மாதம் பார்த்தவள், ஒரு டிராக்டர் தக்காளி அழுகினால் என்ன ஆகும் என்று அந்த நிமிடத்தில் நினைத்துப் பார்க்கவில்லை. என்மேல் எனக்கு இருக்கும் கோபம் மற்றவர்கள்மேல் இருக்கும் கோபத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

எங்கள் வீட்டு டிராக்டரைப் பார்த்து மற்ற டிராக்டர்களும் வந்தன. மூன்று நாளில் எத்தனை லோடு என்று எண்ண முடியவில்லை. ஒருவர்கூட எங்களிடம் கேட்கவில்லை. மோட்டார்க்காரர் ஏரியை வைத்திருந்த காலத்தில் கரைமேல் மாடு கழுவக்கூட அவரைக் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். ஒரு வண்டி குப்பையைக் கொட்டிவிட்டு யாரும் ஊருக்குள் தலை நிமிர்ந்து போயிருக்க முடியாது. எங்களைக் கேட்க வேண்டும் என்று ஒரு ஆளுக்குக்கூடத் தோன்றவில்லை. ஏரி இப்போது பெண்களிடம் இருக்கிறது, அதனால் யாரிடமும் இல்லை என்று அர்த்தம்.

அதோடு வானமும் மூடிக்கொண்டது. காலம் தப்பிய மூட்டம், காற்றே இல்லை, ஒரே புழுக்கம். வெயில் அடித்தால் தண்ணீரில் உள்ள பாசி ஆக்சிஜன் விடும். காற்று அடித்தாலும் அலையில் கொஞ்சம் கலக்கும். இரண்டும் இல்லை. அழுகும் பொருளோ, தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் அழுகும்.

நாலாம் நாள் விடியற்காலையில் அக்கா வந்து கதவைத் தட்டினாள்.

"புள்ள, மீனெல்லாம் மேல வந்து நிக்குது. வந்து பாரு, ஊரே அங்கதான் இருக்குது."

போனேன். கரை முழுக்கக் கூட்டம். ஏரியின் மேற்பரப்பு முழுக்க வாய்கள். ஒவ்வொரு மீனும் தலையை மட்டும் மேலே நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. இத்தனை மீன் ஏரியில் இருப்பதையே அன்றுதான் ஊர் முதல் முறையாகப் பார்த்தது. எல்லோருக்கும் சந்தோஷம். செல்போனில் படம் எடுத்தார்கள்.

"தக்காளி ருசி கண்டுக்கிச்சுங்க. வாயத் தொறந்து கேக்குதுங்க பாரு" என்றார் ஒருவர். இன்னும் இரண்டு லோடு கொண்டுவரலாம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

நான் தண்ணீர் ஓரம் வரை இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு பெரிய கட்லா. அதன் வாய்க்கு நாலு விரல் தள்ளி ஒரு தக்காளி மிதந்துகொண்டிருந்தது. வாய் திறந்தது, மூடியது, திறந்தது. தக்காளி பக்கம் அது திரும்பவே இல்லை. அதற்கு அடுத்த மீனும் திரும்பவில்லை. எதுவும் தின்னவில்லை. அவை மேலே இருக்கும் காற்றைக் குடிக்க வந்திருந்தன. 

நேராக மோட்டார்க்காரரிடம் ஓடினேன். அவருடைய மோட்டாரில் ஏரித் தண்ணீரை எடுத்து மறுபடி ஏரியிலேயே பீய்ச்சி அடித்தால் காற்று கலக்கும், ஒரு நாள் ஓட்டினால் போதும் என்றேன்.

"கரண்ட்டு என் தோட்டத்துக்கே பத்தலீங்கம்மா" என்றார், பல் துலக்குவதை நிறுத்தாமலே. "மீனுக்கு மூச்சு வுடறதுக்கு மோட்டாரு போடச் சொல்றீங்க. படிச்சவங்க என்னென்னமோ சொல்றீங்க."

என் வீட்டுக்காரரிடம் ஓடினேன். கொட்டியதை அள்ள டிராக்டரும் ஆளும் வேண்டும் என்றேன்.

"ஊரே கொட்டுது. நான் ஒருத்தன் போயி அள்ளுனா சிரிக்க மாட்டானுங்களா? நாளைக்குப் பாக்கலாம்."

நாளைக்கு. பாடம் படிக்காத மனுஷன், தெரியாது என்று விடலாம். ஆனால் சொல்கிறவள் யார் என்பதால்தான் அவருக்கு நாளைக்கு என்று தோன்றியது. அதே விஷயத்தை ஒரு ஆண் வந்து சொல்லியிருந்தால் அப்போதே சட்டையை மாட்டியிருப்பார்.

வேறு வழியில்லை. நாங்கள் பன்னிரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினோம். கூடையில் தக்காளியை அள்ளிக் கரைமேல் வீசினோம். குடத்தில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். மூங்கில் கழியால் தண்ணீரை அடித்தோம். வெளியிலிருந்து பார்த்தால் பன்னிரண்டு பைத்தியங்கள். கரைமேல் நின்றவர்கள் சிரித்தார்கள், கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய்ப் போய்விட்டார்கள். யாரும் இறங்கவில்லை. மத்தியானம் சிறிது வெயில் எட்டிப் பார்த்தது, மீன்கள் உள்ளே போயின. அக்கா அழுதுவிட்டாள். பிழைத்துக்கொண்டது என்று நம்பி, நடக்க முடியாமல் நடந்து வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் விடிந்தபோது ஏரி வெள்ளையாக இருந்தது. எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. இடையில் தக்காளி.

புதைப்பதற்கு இரண்டு நாள் ஆனது. அதற்கும் நாங்கள்தான் இறங்கினோம்.

மூன்றாம் நாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஏரியை எங்களிடமிருந்து எடுப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. மோட்டார்க்காரர் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்து மெதுவாகத்தான் தொடங்கினார்.

"நாங்க வெச்சிருந்த வரைக்கும் ஒரு மீனு செத்ததில்லீங்க. அன்னிக்கிப் பன்னெண்டு பேரு தண்ணில எறங்குனாங்க. அதுல எத்தன பேரு தூரமோ. அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்குது. தீட்டுப்பட்ட தண்ணி எப்பிடிங்க சும்மா இருக்கும்?"

 தக்காளி கொட்டிய எல்லோரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். தங்கள்மேல் வரவேண்டியது வேறு பக்கம் போகிறதே என்ற நிம்மதி. என் பக்கத்தில் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தண்ணீரில் இறங்கிய அன்றைக்கு அவளுக்கு முதல் நாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். மீனைக் காப்பாற்ற ஊரிலேயே இறங்கியவர்கள் நாங்கள் மட்டும்தான். நாங்கள் இறங்கியதால்தான் மீன் செத்ததாம். அதைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.

எழுந்து நின்றேன். கோயில் முன்னால் கூட்டத்தில் அதற்கு முன்பு நான் பேசியதில்லை.

"குஞ்சு வந்தன்னிக்கு எல்லாரும் கரமேல நின்னு பாத்தீங்க. பையில என்னாங்க இருந்துச்சு? கால் பையி தண்ணி, முக்கா பையி காத்து. எதுக்குங்க அவ்ளோ காத்து அடச்சுக் கொண்டாந்தாங்க? மீனுக்கும் மூச்சு வேணும். அழுவுற தக்காளி அந்த மூச்ச எடுத்துக்கிச்சு. மொத லோடு எங்க வூட்டு லோடுங்க. என் கண்ணு முன்னாலதான் கொட்டுனாங்க. நானும் சும்மாதான் நின்னன். மீனக் கொன்னது யாருன்னு கேட்டா, மொதல்ல நாங்கதான். அப்பறம் யாராரு கொட்டுனீங்களோ அவங்க எல்லாம்."

என் வீட்டுக்காரர் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். 

கடைசியில் ஊர்ப் பெரியவர் தீர்ப்புச் சொன்னார். இனி யாரும் ஏரியில் தக்காளி கொட்டக் கூடாது. பெண்களுக்கு இன்னும் ஒரு வருடம் ஏரியைக் கொடுக்கலாம். ஆனால் தூரமான பெண்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது. இரண்டு பக்கமும் நியாயம் செய்துவிட்டதாக அவருக்குத் திருப்தி. இரண்டு பக்கம் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒரு பக்கம் அழுகிய தக்காளி இருந்தது. மறுபக்கம் ஒன்றுமே இல்லை, ஒரு மனுஷன் வாயில் வந்த பேச்சைத் தவிர.

வீட்டில் இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் கரையோரம் மிச்சமிருந்த தக்காளியை என் வீட்டுக்காரரே தனியாக அள்ளி டிராக்டரில் ஏற்றிப் போய் எங்கள் வயலில் கொட்டி உழுதார். தப்பு என்று எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்களா என்றும் தெரியாது.

அடுத்த மழை ஏரிக்குப் போதுமான அளவு பெய்தது. மறுபடி கார்த்திகை, மறுபடி அதே வேன், உப்பிய பைகள். இந்த முறை கரைமேல் கூட்டம் அதிகம். யார் இறங்குகிறார்கள், யார் இறங்கவில்லை என்று எண்ணத்தான் வந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் குழுவில் இரண்டு பேர் ஒதுங்கி நின்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். இறங்காமல் நின்றால் தூரம் என்று ஊருக்கே தெரிந்துவிடும், இறங்கினால் பழி வரும். அந்தத் தீர்ப்பு எங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது என்று அப்போதுதான் முழுதாக உறைத்தது.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகினாள். ஒரு பையைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போனாள். பையை மிதக்கவிட்டு, கரையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"இன்னிக்கி எனக்கு ரெண்டாவது நாளு" என்றாள், மோட்டார்க்காரர் நின்ற இடத்துக்கும் கேட்கிற மாதிரி. "எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க."

 ஊர்ப் பெரியவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தார். ஒதுங்கி நின்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நானும் இறங்கினேன். அக்கா பையின் வாயை அவிழ்த்து, குஞ்சுகள் தாமாக வெளியே போகும்வரை அதைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்தப் பங்குனியில் அந்த மீனைப் பிடித்தோம். ஒன்றுகூடச் சாகவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஏரி நிறைய மீன் இருந்தது. கறிவிருந்து அன்று மீன் வாங்க மோட்டார்க்காரர் வீட்டிலிருந்தும் பாத்திரம் வந்தது. அக்காதான் பெரிய கட்லாவாகப் பார்த்து எடுத்துப் போட்டு அனுப்பினாள். குழம்பு நன்றாக இருந்ததாம்.